பயந்துகொண்டே கூட இருந்தவன்

ஆல்வினுக்குப் பயந்த சுபாவம். அதை அவன் மறைத்ததில்லை. மறைக்கத் தெரியவும் தெரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. தையல் பிசகிய ஜோடியை எடுத்துத் தள்ளி வைக்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் முறைப்பாரோ என்று பயம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் பாலாறு ஊருக்குள் வந்துவிடுமோ என்று பயம். மகள் எஸ்தர் தும்மினால் பயம். அவன் மனைவி ஷர்மிளா சொல்வாள்: “உங்களுக்கு பயப்பட ஒன்னும் கெடைக்கலன்னா, ஏன் இன்னிக்கு ஒன்னும் கெடைக்கலன்னு அதுக்கு ஒரு பயம் வந்துடும்.”

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் பக்கத்து வீட்டு வேதாசலம்.

வேதாசலம் தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிற ஆள். ஈரத் தோலைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் மரக்கட்டையாக இறுகிப்போனவன். ஒருநாள் ஆல்வின் தன் பைக்கை அவன் வாசலை அடைத்தாற்போல நிறுத்திவிட்டான். வேலை முடிந்து குடித்துவிட்டு வந்த வேதாசலம் அவனைக் கூப்பிட்டு, தெரு பார்க்க, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். எஸ்தர் அப்போது ஷர்மிளாவின் இடுப்பில் இருந்தாள். அன்றிலிருந்து ஆல்வின் தெருமுனையிலேயே பைக்கை அணைத்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் வேதாசலம் இருமினால் இந்தப் பக்கம் ஆல்வின் பேச்சை நிறுத்துவான்.

ஆனாலும் தினமும் காலையில் அவனுக்காக ஜெபம் செய்தான். பகைக்கிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சிறுவயதிலிருந்து சபையில் கேட்டு வளர்ந்தவன் அவன். கேட்டதைச் செய்யாமல் விட்டுவிடவும் அவனுக்குப் பயம். அதனால் எழுந்ததும் சுவரோரம் முழங்கால் போட்டு, “ஆண்டவரே, வேதாசலம் அண்ணனை ஆசீர்வதியும், அவருக்கு நல்ல சுகத்தைக் கொடும்” என்று வாய்விட்டுச் சொல்வான். அதோடு கடைசியில் ஒரு வரி தானாகச் சேர்ந்துகொள்ளும்: “நான் அவர் கண்ணுல படாம காத்துக்கொள்ளும், ஆமென்.”

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் போதகர் அன்பைப் பற்றிப் பேசினார். எங்கே அன்பு நிறைந்திருக்கிறதோ அங்கே பயத்துக்கு இடமில்லை என்றார். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். ஆல்வினுக்கு அது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. பயம் இருக்கிற இடத்தில் அன்பு இல்லை என்றால், தன்னிடம் இருப்பது என்ன? வீடு திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த ஷர்மிளாவிடம் கேட்டான்.

“ஷர்மி, எனக்குள்ள அன்பு கீதா இல்லியா?”

“புள்ள தூங்கி வழியுறா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை. ஆல்வின் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் தரையில் உருண்டது. அதைத் தொடர்ந்து ஒரு சத்தம். மனிதக் குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரலை அவன் கேட்டதில்லை. மூச்சு உள்ளே போகும்போதே அலறல் போல ஒலித்தது. வேதாசலத்தின் மனைவி சுந்தரி தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

“யாராச்சும் வாங்களேன்! மனுசனுக்கு இன்னாவோ ஆய்ப்போச்சே!”

தெரு கூடிவிட்டது. அழுகைக்கு நடுவே சுந்தரி சொன்னாள். இரண்டு நாளாக ஜுரம். காலெல்லாம் குறுகுறுக்கிறது என்றான். நேற்று ஃபேனைப் போட்டதும் அணைக்கச் சொல்லிக் கத்தினான். இன்று காலை தாகம் தாகம் என்றான். காபியை வாய்க்குக் கொண்டு போனதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிந்தான்.

“தண்ணி சொம்பக் கண்டாலே நடுங்கறாரு. எனக்கு ஒன்னும் புரியல.”

கூட்டத்தில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள். “நாய் கீய் கடிச்சிச்சா?”

சுந்தரி ஒரு கணம் விழித்தாள். கடித்திருந்தது. மழைக்காலத்துக்கு முன்பு, டேனரியின் பின்பக்கம். தோலிலிருந்து சுரண்டிப்போடும் சதையைத் தின்ன நாய்கள் கூட்டமாக வரும் இடம் அது. ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தான். புண் ஆறிவிட்டது. மிச்ச ஊசிக்குப் போகச் சொன்னதற்கு, ‘ஆறிப்போனதுக்கு இன்னாத்துக்குடி ஊசி’ என்றுவிட்டான்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, கூட்டம் வாசலை விட்டுப் பின்வாங்கியது. தாய்மார் பிள்ளைகளை இழுத்து வீட்டுக்குள் தள்ளினார்கள். இரண்டு பேர் மட்டும் பாய்ந்து முன்னால் போய்க் கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டார்கள். சுந்தரி அவர்கள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ள அவரு ஒத்தையா கீறாருப்பா!”

“இருக்கட்டும்மா. வெளிய வந்து யாரையாச்சும் கடிச்சி வெச்சா இன்னா பண்றது? ஆம்புலன்ஸ்காரன் வந்து பாத்துக்குவான்.”

ஆம்புலன்ஸுக்கு ஏற்கெனவே போன் போட்டாயிற்று. வாணியம்பாடிப் பக்கம் நெடுஞ்சாலையில் பஸ் ஒன்று கவிழ்ந்திருக்கிறது, வண்டிகள் எல்லாம் அங்கே போயிருக்கின்றன, வர நேரமாகும் என்றார்கள். ஆட்டோக்காரர்கள் விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். எதிர்வீட்டு நயீம் அகமது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தைத்த ஷூ மேல்பாகங்களைக் கம்பெனிகளுக்கு ஏற்றிப்போகும் ஆம்னி வேன் அவருடையது.

“வண்டிய நான் எடுக்கறேன்,” என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “ஆனா அவன பின்னாடி ஒத்தையா குந்த வெச்சிகினு ஓட்டறதுக்கு எனக்கு தைரியம் கெடையாது. பொய் சொல்ல மாட்டேன். கூட ஒரு ஆம்பள ஏறணும்.”

அவரவர் தரையைப் பார்த்தார்கள். ஆல்வின் தன் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். ஒரு காலில் ஷூ இருந்தது, மற்றதில் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. அப்போதுதான் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. இப்போது அதில் அலறல் இல்லை. களைத்துப்போன, தெளிவான குரல்.

“ஆல்வினு.”

ஆல்வின் ஓர் அடி பின்னால் வைத்தான்.

“ஆல்வினு, நீ அங்கதான் கீறன்னு தெரியும். வந்து கதவத் தொற. டெய்லி காலைல என் பேரச் சொல்லி சாமிகிட்ட கேக்கறல்ல? என்ன நல்லா வெய்யின்னு கேக்கறல்ல? செவுத்துல எல்லாம் காதுல உழுது. அப்ப வந்து தொறடா. எனக்கு பயமா கீது.”

தெரு முழுவதும் ஆல்வினைப் பார்த்தது. கேட்டிருக்கிறான்! இத்தனை நாளும் கேட்டிருக்கிறான். அப்படியானால் அந்தக் கடைசி வரியையும் கேட்டிருப்பான். வெட்கமும் பயமும் ஒன்றாக ஏறி ஆல்வினுக்குக் காது இரைந்தது.

ஷர்மிளா அவன் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்தாள். “ஏங்க, வேணாம். புள்ள கீறா நமக்கு.”

“தெரியும் ஷர்மி.”

“நம்மள அடிச்ச ஆளு அவரு.”

“தெரியும். ஆனா தெனம் அவருக்காக கேட்டது நான்தான. கேட்டுட்டு இப்ப உள்ள போய் கதவ சாத்திகினா, நாளைக்கு காலைல முட்டி போட்டு இன்னான்னு சொல்வேன்?”

இதைச் சொன்னபோது துணிச்சல் வந்துவிட்டதா என்றால் இல்லை. யாராவது தன்னைக் கட்டாயமாகத் தடுத்து நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். ஷர்மிளா சட்டையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தான். அவள் மழைக்கோட்டோடும் முகக்கவசத்தோடும் திரும்பி வந்து, அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு கையாக உள்ளே நுழைத்துவிட்டாள். கழுத்துவரை பட்டன் போட்டாள்.

ஆல்வின் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான்.

வேதாசலம் சுவரோரம் குந்தியிருந்தான். அத்தனை பெரிய உடம்பு ஒரு மூலைக்குள் அடங்கிப்போயிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. அதை விழுங்க அவனால் முடியவில்லை. தோளில் துடைத்துத் துடைத்துத் தோள் நனைந்திருந்தது. திறந்த கதவு வழியாகக் காற்று பட்டதும் அவன் கழுத்து நரம்புகள் விடைத்தன. ஆல்வின் அவசரமாகக் கதவை மறைத்து நின்றான்.

“வாங்கண்ணா. நயீம் பாய் வண்டி கீது. போலாம்.”

வேதாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். “மொதல்ல என் கைய கட்டு.”

“இன்னாத்துக்குண்ணா?”

“சொல்றத செய்டா. அந்த இழுப்பு வந்துச்சின்னா நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியல. உன்ன எதுனா பண்ணிடப்போறேன்.”

ஆல்வின் கட்டினான். தன்னை அறைந்த அந்தக் கையைத் தானே துண்டால் சுற்றி முடிச்சுப் போட்டபோது, அது ஜுரத்தில் கொதிப்பது தெரிந்தது.

வண்டியில் முன்னால் நயீம் அகமதும் சுந்தரியும். பின்னால் இருக்கைகள் கழற்றிய வெற்றிடத்தில் தோல் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு வேதாசலமும் ஆல்வினும் தரையில் உட்கார்ந்தார்கள். காற்று படக்கூடாது என்று கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. மழைக்கோட்டுக்குள் ஆல்வினுக்கு வியர்வை ஆறாக ஓடியது. தோல் வாடையும் ஜுர வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. மாதனூர் தாண்டும்வரை வேதாசலம் அமைதியாக இருந்தான். அந்த அமைதி ஆல்வினை இன்னும் பயமுறுத்தியது. அடுத்த இழுப்பு எப்போது வரும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வந்தது அது. வண்டிகள் நீளமாக நின்றன. நயீம் அகமது வண்டியில் ஒட்டியிருந்த சுங்கக் கட்டண அட்டையை இயந்திரம் படிக்கவில்லை. சாவடிக்காரர் கண்ணாடியைத் தட்ட, வேறு வழியில்லாமல் அவர் கண்ணாடியை இறக்கினார். பாலாற்றுப் பக்கமிருந்து வந்த காற்று ஒரு வீச்சு உள்ளே அடித்தது.

வேதாசலத்தின் உடம்பு வில்லாக வளைந்தது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கட்டிய கைகளோடு அவன் பக்கவாட்டில் சரிந்து ஆல்வினின் மேல் முழுப் பாரத்தோடு விழுந்தான். அவன் தலை ஆல்வினின் தோளில் இடித்தது. மழைக்கோட்டின் கை மேலேறியிருந்த இடத்தில், மணிக்கட்டில், ஈரமாக எச்சில் வழிந்தது. நேற்று நூல் வெட்டும் கத்தி கீறிய இடம் அது.

ஆல்வினுக்குக் கண் இருண்டது. கதவைத் திறந்து இறங்கி ஓடிவிட வேண்டும். ஆனால் கதவு வேதாசலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்று அவன் இறங்காமல் இருந்ததை அன்பு என்று பின்னால் யாராவது சொன்னால் அவனால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. கதவு கைக்கு எட்டியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

“கண்ணாடிய ஏத்துங்க பாய்! ஏத்துங்க!”

கண்ணாடி ஏறியது. இழுப்பு மெல்லத் தணிந்தது. வேதாசலம் நாய்க்குட்டியைப் போல மூச்சிரைத்தான். அப்போதுதான் ஆல்வின் கவனித்தான்: அவனுடைய இன்னொரு கை வேதாசலத்தின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. எஸ்தருக்கு இருமல் வந்தால் தட்டுவது போல. எப்போது ஆரம்பித்தான் என்று நினைவில்லை. ஆரம்பித்துவிட்டதை நிறுத்தத் தோன்றாமல் வேலூர்வரை தட்டிக்கொண்டே போனான்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தனியாக ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் திரை, மங்கலான வெளிச்சம், ஃபேன் கிடையாது. டாக்டரம்மா முதலில் ஆல்வினின் மணிக்கட்டைப் பார்த்தார். குழாயடிக்கு அனுப்பி, சோப்பு போட்டு நெடுநேரம் கழுவ வைத்தார். “மனுசங்ககிட்டேருந்து மனுசங்களுக்கு இது வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனாலும் கீறல் இருக்கு. ஊசி ஆரம்பிச்சிடலாம். நீங்களும் போட்டுக்கணும்மா,” என்று சுந்தரியையும் பார்த்துச் சொன்னார். “எல்லாத் தவணையும் விடாம போடணும். ஆறிப்போச்சுன்னு விட்டுடாதீங்க.”

பிறகு இருவரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அவர் குரலைத் தாழ்த்தியதிலேயே ஆல்வினுக்குப் புரிந்துவிட்டது.

“இந்த அடையாளமெல்லாம் வந்த பிறகு காப்பாத்தற மருந்து கெடையாது. வலி தெரியாம, பயம் கொறைய மருந்து குடுக்கறோம். கூட யாராவது இருக்கறது நல்லது. பாதுகாப்புக்கு எல்லாம் தர்றோம்.”

சுந்தரி அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள். நர்ஸ் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அரக்கோணத்திலிருந்த வேதாசலத்தின் தம்பிக்கு ஆல்வின் போன் செய்தான். “தோ கெளம்பிட்டேன்” என்ற அந்தத் தம்பி மாலையில் வந்தான். வராந்தாவின் கோடி வரைக்கும்தான் வந்தான். அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. ஆல்வினுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஓர் அடி எடுத்து வைக்க முடியாதவனைப் பார்த்தால் அவனுக்குத் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

மேலங்கி, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு ஆல்வின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தான். சுந்தரி வந்து அழுது, மயங்கி, மறுபடி வெளியே போவாள். ஊசியின் மயக்கத்தில் வேதாசலம் தூங்குவான், விழிப்பான். விழிக்கும்போதெல்லாம் கண்ணால் தேடுவான். ஆல்வின் இருக்கிறான் என்று தெரிந்ததும் மூடிக்கொள்வான்.

மறுநாள் மதியம் அவன் நன்றாகத் தெளிந்திருந்தான்.

“ஆல்வினு, உனக்கு பயமா இல்ல?”

“ரொம்ப பயமா கீதுண்ணா.”

“அப்பறம் ஏன் குந்திகினு கீற?”

ஆல்வின் யோசித்தான். “போனா இன்னும் ஜாஸ்தி பயமா இருக்கும்னு தோணுது.”

வேதாசலம் கூரையைப் பார்த்தான். “அன்னிக்கு உன்ன அடிச்சேன்ல?”

“ஆமாண்ணா.”

“வண்டிய அங்க நிறுத்தனது உன் தப்புதான?”

“தப்புதாண்ணா.”

“ஆனா அடிச்சிருக்கக் கூடாது. கொழந்த பாத்துகினு இருந்துச்சி.”

ஆல்வினின் கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கிப் பார்வை மங்கியது, துடைக்கவும் வழியில்லை.

“காலைல சொல்றியே, அத இப்ப சொல்லு.”

“இன்னாதுண்ணா?”

“அதான்டா, உன் சாமிகிட்ட சொல்றது. என் சாமிங்கல்லாம் கோச்சிக்க மாட்டாங்க. சொல்லு, கேக்கறேன்.”

ஆல்வின் தலையைக் குனிந்தான். “ஆண்டவரே, வேதாசலம் அண்ணன ஆசீர்வதியும்...” அடுத்து நல்ல சுகத்தைக் கொடும் என்று வரவேண்டும். அந்த அறையில் அதைச் சொல்ல அவன் நாக்கு மறுத்தது. தயங்கி, “அவரத் தனியா விட்டுடாதேயும்” என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

“அவ்ளோதானா? கடைசில ஒன்னு வருமே.” வேதாசலத்தின் உதடு கோணியது. சிரிக்கிறான் என்று புரிய ஆல்வினுக்குச் சற்று நேரமாயிற்று. “கண்ணுல படாம காத்துக்கோன்னு? கேட்டுட்டு சுந்தரியும் நானும் சிரிப்போம்.”

“அத இனிமே சொல்ல மாட்டேண்ணா.”

“சொல்லிகினா இன்னா. நல்லாதான் இருந்துச்சி.”

அதற்குப் பிறகு ஓர் இழுப்பு வந்தது, பிறகு இன்னொன்று. நர்ஸ் ஓடிவந்து மருந்து போட்டாள். ஆல்வின் கையுறை போட்ட கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசி முறை வேதாசலம் பிடித்த பிடியில் ஆல்வினுக்கு எலும்பு நொறுங்குவது போல வலித்தது. பயத்தில் அவனுக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது, கத்தவும் செய்தான். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. பிடி தானாகத் தளர்ந்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி உடலை நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தம்பி தள்ளி நின்று கொள்ளி வைத்தான்.

ஆல்வின் வீட்டுக்கு வந்தபோது ஷர்மிளா கொல்லைப்புறத்தில் வெந்நீரும் புதுச் சோப்பும் வைத்திருந்தாள். அவன் துணிகளை வாங்கிக் கொளுத்தினாள். அவனுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், முன்னறையில் படுக்கை. எஸ்தர் “அப்பா” என்று ஓடிவந்தபோது நடுவில் விழுந்து தடுத்தாள்.

“டாக்டரு ஒன்னும் ஆவாதுன்னு சொன்னாங்க ஷர்மி.”

“டாக்டரு சொல்வாங்க. நீங்க போனீங்க, சரி. பக்கத்து வூட்டுக்காரன நேசிக்கணும், ஒத்துக்கறேன். இந்தப் புள்ளையும் நானும் உங்களுக்கு யாரு? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் அவன் போனதும் தவறில்லை. இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் மனிதன் எப்படி நிற்பது என்று சபையில் யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அடுத்து வந்த வாரங்கள் கொடுமையாக இருந்தன. மணிக்கட்டு அரித்தால் நெஞ்சு நின்றுவிடும். கொசு கடித்த தடிப்பை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தொண்டை கரகரத்தால் ஒருநாள் முழுக்கப் பேச மாட்டான். ஊசி போட வேண்டிய நாட்களில் அவனும் சுந்தரியும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெருவில் இப்போது சுந்தரியின் வீட்டைத் தாண்டும்போது ஆட்கள் எதிர்வரிசைக்கு மாறி நடந்தார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் அடுத்த குடம் நகர்ந்துகொள்ளும்.

“உனக்கும் இன்னும் பயமாவா கீது?” என்று வரிசையில் நிற்கும்போது ஒருநாள் கேட்டாள் சுந்தரி.

“ஆமாக்கா. தெனம்.”

“எனக்கும்தான். ஆனா இங்க வர்ற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கம்மி. ரெண்டு பேரு கீறோம்ல.”

போதகர் வீட்டுக்கு வந்தார். அன்பு பயத்தைத் துரத்தியதற்கு ஆல்வின்தான் சாட்சி, வரும் ஞாயிறு அவன் சபைக்கு முன்னால் பேச வேண்டும் என்றார். ஆல்வின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னான்:

“ஐயா, பொய் சாட்சி சொல்லக்கூடாதுல்ல. எனக்கு பயம் போவல. வண்டில போவல, ஆஸ்பத்திரில போவல, இப்பவும் போவல. அப்ப எனக்குள்ள அன்பு இல்லன்னு அர்த்தமா?”

போதகர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கு காலைல உங்க தெருலேருந்து எனக்கும் வரச் சொல்லி போன் வந்துச்சி ஆல்வின். வீட்லயே இருந்து ஜெபிக்கறேன்னு சொல்லி வெச்சிட்டேன்.” மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “நீ பேச வேணாம். நான் இன்னும் கொஞ்சம் படிக்கணும் போலிருக்கு.”

கடைசி ஊசியும் முடிந்தது. ஷர்மிளா தனித் தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு கழுவி அடுக்கினாள். எஸ்தர் பழையபடி அவன் மேல் ஏறித் தூங்க ஆரம்பித்தாள். ஆனால் சுந்தரியோடு மட்டும் ஷர்மிளா பேசவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

சுந்தரி மீண்டும் வேலைக்குக் கிளம்பிய நாள் வந்தது. அவளும் ஷர்மிளாவும் ஒரே கம்பெனியில், ஷூ மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருப்பவர்கள். இருவரையும் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். அன்று ஆல்வின் எஸ்தரைத் தோளில் வைத்துக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தான். சுந்தரி முதலில் ஏறி, நடுவில் ஓர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் ஏற்கெனவே இருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து பின்னால் போனாள். முன் இருக்கைக்காரியும் எழுந்தாள். அடுத்தடுத்து ஏறியவர்கள் பின்னால் நெருக்கியடித்து நின்றார்களே தவிர, அங்கே உட்காரவில்லை. சுந்தரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

ஷர்மிளா படியில் ஏறி நின்றாள். உள்ளே ஒரு முறை பார்த்தாள். அவள் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்குவது கீழே நின்ற ஆல்வினுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான் செய்வாள். டிரைவர் “ஏறும்மா” என்று அதட்டினார். அவள் மெதுவாக நடந்துபோய் சுந்தரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நுனியில்தான் உட்கார்ந்தாள். பிறகு பஸ் குலுங்கிக் கிளம்பியபோது சற்றே உள்ளே தள்ளிச் சாய்ந்துகொண்டாள்.

ஒன்றும் ஆகாது என்று ஆல்வினுக்குத் தெரியும். டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் ஐயோ, அவள் போய் உட்கார்ந்துவிட்டாளே என்று ஒரு கணம் பஸ் பின்னால் ஓடத் தோன்றியது.

“அப்பா, அம்மா யாருகிட்ட பேசறாங்க?” என்றாள் எஸ்தர்.

“பக்கத்து வூட்டு பெரியம்மாகிட்ட,” என்றான் ஆல்வின். பஸ் நெடுஞ்சாலையில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றான்.